பையோடு நட்ட இலுப்பை

மலையடிவாரத்து மடத்தில் ஒரு குரு இருந்தார். அவருக்கு நாற்பது வயது இன்னும் நிறையவில்லை. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அவரை இளையசாமி என்று அழைத்தார்கள்.

அவருடைய சீடர்களில் ஒருவர் தணிகாசலம். குருவைவிட நன்றாகவே மூத்தவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, வீட்டில் இருக்க முடியாமல், ஒரு நாள் காலையில் மடத்தைப் பார்க்க வந்தார்.

குரு அப்போது நாற்றங்காலில் குனிந்து மண் கொத்திக்கொண்டிருந்தார். அவருடைய காவித் துணியின் ஓரம் ஒரு சாண் அளவுக்குக் கிழிந்து தொங்கியது. எதைக் கண்டாலும் சொல்லிவிடுவது தணிகாசலத்துக்கு வேலையில் வந்த பழக்கம்.

"சாமி, துணி கிழிஞ்சிருக்கு."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"வேற என்ன?"

வேறு என்ன என்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். வாய்க்காலில் ஓர் இடம் உடைந்து தண்ணீர் வீணாகப் போவதைச் சொன்னார். பிறகு மனைவி இறந்துபோனதைச் சொன்னார். பிறகு, வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கக் கை வருவதில்லை என்பதைச் சொன்னார். மடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. அன்று அவர் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

ஊசியும் நூலும் எடுத்துவந்து, "கொடுங்க சாமி, தைச்சுத் தரேன்" என்று பல முறை கேட்டிருக்கிறார். "இருக்கட்டும்" என்பார் குரு.

அந்த மடத்தில் வேறு பூஜையோ திருவிழாவோ பெரிதாகக் கிடையாது. இலுப்பைக் கன்று வளர்ப்பதுதான் வேலை. ஆடி மாதத்தில் உதிரும் விதைகளை ஈரம் காய்வதற்குள் பொறுக்கி வர வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து நிரப்பிய கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் அவற்றை ஊன்றுவார்கள். ஒரு வருடம் வளர்த்து, அடுத்த மழைக்காலத்தில் கேட்ட ஊருக்குக் கொடுப்பார்கள். விலை கிடையாது.

கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. மடத்திலிருந்து ஒருவர் கன்றுகளோடு அந்த ஊருக்குப் போவார். முதல் கன்றை அவரே நடுவார். மற்றவற்றை வீட்டுக்கு ஒன்றாகக் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைகளைச் சொல்வார். பையைக் கிழித்துவிட்டு நடுங்கள். மண்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடு வராமல் முள் வையுங்கள்.

அதோடு சரி. அந்தக் கன்று மரமாகி முதல் பூவை உதிர்க்கும்வரை மடத்துக்காரர்கள் யாரும் அதைப் பார்க்கப் போக மாட்டார்கள். இலுப்பை மெதுவாக வளரும் மரம். பூப்பதற்குப் பல வருடங்கள் ஆகும். முன்பு இருந்த ஒரு சாமி அடிக்கடி போய்ப் பார்த்தாராம். மடம் பார்த்துக்கொள்ளும் என்று ஊர்க்காரர்கள் தண்ணீர் ஊற்றுவதையே விட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த வழக்கம்.

தணிகாசலம் வந்து சில வருடங்கள் ஆன பிறகு, ஓர் ஆவணி மாதத்தில் குரு அவருக்குக் காவி கொடுத்தார். புரட்டாசியில், "கூவலேரிக்கு நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

கூவலேரியில் புயலுக்கு ஏரிக்கரை மரங்கள் எல்லாம் சாய்ந்திருந்தன. கரை முழுக்க இலுப்பை வைக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்து மடத்துக்கு வந்து கேட்டிருந்தார்கள்.

தணிகாசலம் கன்றுகள் ஏற்றிய வண்டியில் போய் இறங்கினார். வெள்ளைத் தாடி, புதுக் காவி. மேளம் அடித்து அழைத்துப் போனார்கள். மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவினார்கள். ஆரத்தி எடுத்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் அவர் முதல் கன்றை நட்டார். மற்றவற்றை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். இருட்டுவதற்குள் மடத்துக்குத் திரும்பினார்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார் குரு.

"எல்லாரும் ரொம்ப மரியாதையா இருந்தாங்க, சாமி."

குரு வேறு எதுவும் கேட்கவில்லை.

கார்த்திகையில் மழை நின்ற ஒரு காலை. மடத்துக் கிணற்றடியில் ஒரு கன்று வைக்கக் குழி வெட்டியிருந்தார்கள். குரு பிளேடை எடுத்துப் பையை மேலிருந்து கீழாகக் கிழித்தார். பை தோல் மாதிரி உரிந்து வந்தது. மண்கட்டியின் அடியில் வெள்ளை வேர்கள் தெரிந்தன.

தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த தணிகாசலம் அப்படியே நின்றுவிட்டார்.

"சாமி."

"ம்."

"கூவலேரியில நான் இதைச் சொல்லல."

"எதை?"

"பையைக் கிழிங்கன்னு."

குரு மண்கட்டியை மெதுவாகக் குழிக்குள் இறக்கினார்.

"யாருக்குச் சொல்லல?"

"யாருக்குமே சொல்லல. ஒவ்வொருத்தரும் கால்ல விழுந்தாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நல்லா இருங்க, நல்லா இருங்கன்னு சொல்லிக்கிட்டே கன்றைக் கையில கொடுத்துட்டேன்."

"அப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கொடுத்திருக்கீங்க."

"விளையாடாதீங்க, சாமி."

"ஒருத்தருக்கு மட்டும் சொல்லாம விட்டிருந்தா அவரைத் தேடணும். தண்ணிய ஊத்துங்க."

தணிகாசலம் ஊற்றினார். பாதித் தண்ணீர் குழிக்கு வெளியே போனது.

பையோடு நட்ட கன்று உடனே சாகாது. அதுதான் அவரை வாட்டியது. கொஞ்ச காலத்துக்குப் பச்சையாகவே இருக்கும். உள்ளே வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வெயில் காலம் வந்ததும், ஏன் என்று யாருக்கும் தெரியாமல், நின்ற இடத்தில் காய்ந்துபோகும். ஒரு ஊர் முழுக்கத் தங்கள் கைராசி சரியில்லை என்று நினைக்கும்.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் நாற்றங்காலில் களை எடுக்கும்போது களையோடு இரண்டு கன்றுகளையும் பிடுங்கிவிட்டார். மாலையில் குருவிடம் வந்து நின்றார்.

"சாமி, நான் கண்டக்டரா இருந்தப்போ, விசில் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்க்காம கொடுத்ததில்ல. யாராவது படியில காலை வெச்சிருப்பாங்களோன்னு பயம். அப்படிப்பட்ட ஆளு நான்."

"தெரியுது."

"நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"மடத்திலேர்ந்து போற வழக்கம் இல்லையே."

"தெரியும், சாமி. அதான் கேக்கறேன். இல்லாட்டி போன் பண்ணட்டுமா? அந்த ஊர்த் தலைவர் நம்பர் இருக்கு."

"பண்ணா என்ன சொல்வார்?"

தணிகாசலம் யோசித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு, சாமின்னு சொல்வார்."

"அதைக் கேக்கவா போன் பண்ணணும்?"

குரு நிரப்பிக்கொண்டிருந்த பையைத் தட்டி மண்ணை இறக்கினார். இன்னும் ஒரு பிடி போட்டார்.

"போங்க. ஆனா மடத்திலேர்ந்து போகாதீங்க."

"பின்ன எங்கேர்ந்து போறது?"

"பஸ் ஸ்டாண்டிலேர்ந்து போங்க."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கிணற்றடியில் கண்ணாடியை வைத்துத் தாடியை மழித்தார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து கோடு போட்ட பழைய சட்டையையும் வெள்ளை வேட்டியையும் எடுத்துக் கட்டினார். பிளேடைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். காவித் துணியை மடித்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"இதை என்ன பண்றது?"

"வெச்சுட்டுப் போங்க. அது எங்கயும் போகாது."

மறுநாள் கூவலேரி போகும் பஸ்ஸில் கூட்டம். புரட்டாசியில் கூவலேரியிலிருந்து பஸ்ஸில் திரும்பியபோது மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். இன்று யாரும் எழவில்லை. கண்டக்டர் இளைஞர். "பெரியவரே, வழியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். தணிகாசலம் உள்ளே போனார். கம்பியைப் பிடித்தபடி, விசில் சரியான நேரத்தில் கொடுக்கப்படுகிறதா என்று ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே போனார்.

ஏரியில் தண்ணீர் கரை வரைக்கும் நின்றது. கரை நெடுக முள்கூடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கன்று. தூரத்திலிருந்து பார்க்க எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. அதனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. பச்சையைப் பார்க்க அவர் வரவில்லை.

ஒரு முள்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து கருவேல முள்ளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு. பக்கத்தில் இரண்டு ஆடுகள் அந்த முள்ளையே மேய்ந்துகொண்டிருந்தன.

"ஏ பெரியவரே, அந்தப் பக்கமாப் போ. முள்ளு கெடக்குது" என்றார் அந்த அம்மா.

"இது உங்க கன்றாம்மா?"

"என் வூட்டுக் கன்னு. இந்தச் சனியன் ஒரு தபா கொழுந்தக் கடிச்சிடுச்சி. மறுபடியும் துளுத்துக்கினு வருது, பாரு." ஓர் ஆட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ யாரு? எந்த ஊரு?"

"மலைப் பக்கம். கன்றுங்களைப் பார்க்கலாம்னு வந்தேன்."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? வளரட்டும், வந்து பாரு. என் பேரன் இருப்பான், காட்டுவான்."

தணிகாசலம் குனிந்து கன்றைப் பார்த்தார். கடித்த இடத்துக்குக் கீழே செம்பு நிறத்தில் இரண்டு இலைகள். மண் மட்டத்தில் பையின் விளிம்பு தெரிகிறதா என்று தேடினார். மண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இதை நடும்போது பையைக் கிழிச்சுட்டா நட்டீங்க?"

அந்த அம்மா முள் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஓட்டல்ல சோத்துப் பொட்டலம் வாங்கனா பிரிச்சிட்டுத் தின்னுவியா, அப்படியே தின்னுவியா?"

"பிரிச்சுட்டுத்தான்."

"அப்புறம் இன்னா கேள்வி இது?"

"எல்லாருமே கிழிச்சாங்களா?"

"கிழிக்காம? ஏரிக்கரைல ஒரே பையா பறந்துக்கினு இருந்தது. மறுநாளு எல்லாத்தையும் பொறுக்கிக் கட்டினது நானு. உன்கிட்டதான் இன்னும் காட்டல."

தணிகாசலம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் ஒரு முள் இருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"இன்னாயா ஆச்சி? மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மாவும் காரணம் தெரியாமல் சிரித்தார். தன் பேர் செங்கேணி என்றார். ஈயத் தூக்கிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார். முந்தாநாள் காலைக்குப் பிறகு தணிகாசலம் வயிற்றில் போட்டுக்கொண்ட முதல் பொருள் அதுதான்.

அவர் எழுந்து கரையோடு நடந்தார். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். சில கன்றுகள் முழங்கால் உயரம், சில அதற்கும் கீழே. எல்லாவற்றிலும் புதுத் துளிர். செங்கேணி ஆடுகளை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, இது இன்னார் வீட்டுக் கன்று, இது அவன் பெண்டாட்டி தண்ணி ஊத்தறது, இவன் சோம்பேறி, இருந்தாலும் கன்று பிழைச்சுக்கிச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மதகடிக்கு வந்தார்கள்.

அங்கே இருந்த கன்றுக்கு முள்கூடு இல்லை. செங்கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்த சுற்று இருந்தது. தண்டில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. செங்கல்லில் குங்குமம். மண் எப்போதும் ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆனால் இலைகள் மஞ்சளாகி, அடியில் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன. ஒரு துளிர்கூட இல்லை.

"இது சாமியாரு நட்டது" என்றார் செங்கேணி.

"இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

செங்கேணி சுற்றிலும் பார்த்தார். ஏரியில் ஒரு கொக்கு நின்றது. வேறு யாரும் இல்லை.

"வெளியூர்க்காரன் நீ. உன்கிட்ட சொன்னா இன்னா. அவரு பையோட வெச்சிட்டாரு."

"யாரு?"

"அந்தப் பெரிய சாமிதான். இம்மாந்தாடி. மேளம் அடிக்கறானுங்க, ஆரத்தி சுத்தறாளுங்க. பாவம், அவருக்குக் கை நடுங்குது. அப்படியே பையோட குழில வெச்சி மண்ணத் தள்ளிட்டாரு. ஊரே பாத்துக்கினு நின்னுது."

தணிகாசலத்துக்கு மேளச் சத்தம் நினைவுக்கு வந்தது. குழியின் வாய் நினைவுக்கு வந்தது. யாரோ தட்டில் மண் நீட்டியதும், அதை வாங்கித் தள்ளியதும் நினைவுக்கு வந்தன. பிளேடை எடுத்தது நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

"யாரும் அவர்கிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? சாமி ஆச்சே. தப்பா நெனச்சிக்கினா? பச்சையப்பன் இன்னா சொன்னான் தெரியுமா? அதுல எதுனா சாஸ்திரம் இருக்கும், பெரியவங்க சும்மா செய்யமாட்டாங்கன்னான். உடனே நாலு பேரு, அப்போ நாமளும் பையோடவே வெக்கலாம்னு கெளம்பிட்டானுங்க. நான்தான் கெட்ட வார்த்தையில ஏசி, கிழிங்கடான்னேன்."

தணிகாசலம் குனிந்து கன்றின் அடி மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"அதுக்கப்புறமாவது இதை எடுத்துக் கிழிச்சிருக்கலாமே?"

"சாமி நட்டதுல நாங்க கை வெக்கறதா? வெள்ளிக்கெழம தவறாம பால் ஊத்தறோம். வேற இன்னா பண்றது?"

"இப்ப எடுத்தாகூடப் பிழைக்கும்னு நினைக்கறேன்."

"யாரு எடுக்கறது?"

"நான் எடுக்கறேன்."

"நீ யாரு?"

தணிகாசலம் பொய் சொல்ல விரும்பவில்லை.

"பஸ் கண்டக்டரா இருந்தவன்."

செங்கேணி யோசித்தார்.

"கண்டக்டரு தொட்டா தப்பில்ல" என்றார்.

அவரே போய் யார் வீட்டிலிருந்தோ கடப்பாரை கொண்டுவந்தார். தணிகாசலம் மஞ்சள் துணியை அவிழ்த்துச் செங்கல்மேல் வைத்தார். சுற்றிலும் மண்ணைத் தள்ளினார். நாலு விரல் ஆழத்தில் கறுப்புப் பை தெரிந்தது. மடத்துப் பை. கையை அடியில் கொடுத்து, மண்ணோடு சேர்த்துத் தூக்கி மேலே வைத்தார். காகிதத்தைப் பிரித்துப் பிளேடை எடுத்தார்.

கை நடுங்கியது. பிளேடு பையின்மேல் நிற்காமல் நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது.

செங்கேணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மழித்த முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். மெதுவாகத் தலையிலிருந்த துண்டை எடுத்தார்.

"சாமி."

"வேண்டாம்மா."

"நான் தெரியாம வாய்க்கு வந்ததெல்லாம்..."

"நீங்க சொன்னதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தயவுசெஞ்சு காலில மட்டும் விழுந்துடாதீங்க. அன்னிக்கு அதுலதான் எல்லாம் மறந்துபோச்சு."

செங்கேணி நின்றபடியே இருந்தார். ஆடு ஒன்று செங்கல்மேல் இருந்த மஞ்சள் துணியை மோந்து பார்த்தது.

"பிளேடக் குடுங்க" என்றார் செங்கேணி.

தணிகாசலம் தயங்கினார்.

"குடுய்யா. கை ஆடுது உனக்கு. வேர அறுத்துடப் போற."

அவர் கொடுத்தார். செங்கேணி உட்கார்ந்து, ஒரே இழுப்பில் பையைக் கிழித்தார்.

வேர் உள்ளே கயிறு சுற்றினது மாதிரி சுற்றியிருந்தது. ஆனால் அடியில், தண்ணீர் வடிவதற்காகப் போட்டிருந்த ஓட்டை வழியாக, ஒரு வேர் மட்டும் வெளியே போயிருந்தது. நுனி வெள்ளையாக இருந்தது.

"அட, கெட்டிக்காரக் கன்னு" என்றார் செங்கேணி. "யாரும் கிழிக்கலன்னு அதுவே வழி பாத்துக்கிச்சி."

சுற்றிய வேர்களைத் தணிகாசலம் விரலால் பிரித்தார். முறுக்கேறிப்போன சிலவற்றைச் செங்கேணி நறுக்கினார். குழியை இன்னும் ஆழமாக வெட்டி, மறுபடி இறக்கினார்கள். இந்த முறை தட்டில் யாரும் மண் நீட்டவில்லை. இருவரும் கையால் அள்ளிப் போட்டார்கள். ஏரித் தண்ணீரை ஈயத் தூக்கில் மொண்டுவந்து ஊற்றினார்கள்.

"பொழைக்குமா?"

"தெரியலம்மா. பிழைக்கும்னுதான் தோணுது. பால் மட்டும் ஊத்தாதீங்க."

"துளுத்தா சொல்லி அனுப்பறேன்."

"பூக்கறவரைக்கும் மடத்துக்குத் தகவல் சொல்ற வழக்கம் இல்லம்மா."

"மடத்துக்கு யாரு சொன்னாங்க? கண்டக்டருக்குச் சொல்லி அனுப்பறேன்."

கடைசி பஸ் வரும்வரை செங்கேணி நிறுத்தத்தில் கூடவே நின்றார். பஸ் புறப்படும்போது, "படியில நிக்காத, உள்ள போ" என்றார்.

மறுநாள் காலை தணிகாசலம் நாற்றங்காலுக்குப் போனார். குரு கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து நோஞ்சான் இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தணிகாசலம் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சோத்துப் பொட்டலத்தைச் சொன்னபோது குரு சத்தம் போட்டுச் சிரித்தார். வெள்ளிக்கிழமைப் பாலைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் குரு.

"ராத்திரியே சாப்பிட்டேன், சாமி. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாச் சாப்பிட்டேன்."

குரு எழுந்து உள்ளே போய் மடித்த காவித் துணியை எடுத்துவந்தார்.

"கட்டிக்கங்க."

தணிகாசலம் கை நீட்டவில்லை.

"எனக்கு இது வேண்டாம்னு தோணுது, சாமி."

"ஏன்?"

"ஒரு ஊரே நின்னு பார்த்திருக்கு. ஒருத்தர் வாயைத் திறக்கல. நாலு பேர் நான் செஞ்ச தப்பையே செய்யவும் கிளம்பியிருக்காங்க. சட்டை போட்டுட்டுப் போனேன், முதல்ல பார்த்தவங்களே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இதைக் கட்டினா இனிமே யார் எனக்குச் சொல்வாங்க? எனக்குப் பயமா இருக்கு."

குரு துணியைப் பிரித்து இடது கையில் பிடித்துக்கொண்டார். கன்றுகளுக்கு நடுவே கிடந்த பிளேடை எடுத்தார். துணியின் ஓரத்தில் வைத்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தார். பை கிழிக்கிற அதே சத்தம் கேட்டது.

பிறகு துணியை மறுபடி நீட்டினார்.

தணிகாசலம் வாங்கிக்கொண்டார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார். எதிரில் நின்ற குருவின் துணியில், பல வருடங்களாகத் தைக்க விடாமல் வைத்திருந்த கிழிசலைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வாய்க்கால் கரையில் வைத்துவிட்டுத் துணியைக் கட்டிக்கொண்டார்.

கிழிந்த ஓரம் முழங்காலில் ஆடியது.

"சாமி" என்றார். "துணி கிழிஞ்சிருக்கு."

குரு கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பைகளை நகர்த்தி அவருக்கும் இடம் செய்தார்.

"வேற என்ன?" என்றார்.